மணற்றுறை உத்திப்படம் கேட்ட அம்மானுக்கு

நலம் சூழ்க. வேயாறு நனைக்கும் இரு கரையும், அதன் கழிமுகமும், உப்பளங்களும் அடங்கிய நெடுங்கரை நாட்டைத் தம் குடைநிழலில் தாங்கும் உலகுடைய நாச்சியார், எம் குடைக்கீழுள்ள குன்றவெளி நாட்டு அதிபரும், கணவாய்களின் காவலரும், எம் அன்னையின் உடன்பிறந்தவருமாகிய வில்லவதரையருக்கு விடுக்கும் திருவோலை. தங்கள் மலைகளில் பருவமழை பொய்யாதிருக்க. தினையும் தேனும் பெருகுக. தங்கள் வாயிலுக்கு வருவோர் முகம் வாடித் திரும்பாதிருக்க. அம்மாமியவர்களின் மூட்டுவலி தணிந்து வருகிறதென்று அறிந்து மகிழ்ந்தோம்.

தங்கள் ஓலையைத் தூதுவர் எம் கையிலேயே சேர்ப்பித்தார். மணற்றுறை மண்டபத்தில் தொங்கும் உத்திப்படத்தை மிளகு வணிகர்கள் தங்களிடம் வியந்து பேசினார்களென்றும், அதை வரைந்த தாயன் நாகனைப் படத்தின் படியோடு குன்றவெளிக்கு அனுப்பவேண்டுமென்றும், அதன் துணையால் தங்கள் ஆட்சி முழுவதையும் ஒரே பார்வையில் கண்டுகொள்ள விழைவதாகவும் எழுதியிருந்தீர்கள். அம்மான், நாகனை யாம் அனுப்பப்போவதில்லை. படத்தையும் அனுப்பப்போவதில்லை. வணிகர்கள் கண்டது துணியை மட்டுமே. அந்தத் துணிக்குக் கீழே நடந்ததை யாம் கண்டோம். அந்தச் செய்தியைத் தாங்கள் முழுவதும் அறியவேண்டும் என்பதற்காகவே, எழுத்தரிடம் விடாமல் யாமே எழுத்தாணி எடுத்தோம்.

சென்ற தை மாதத்தில் மணற்றுறைக்குச் சென்றிருந்தோம். அங்கே வேயாறு பாலத்துக்கு அடங்காத அகலம் கொண்டது. ஊர் இக்கரையில், சந்தை அக்கரையில். பால், தயிர், பானை, நெல், நோயாளி, மணப்பெண் என்று எதுவாயினும் ஓடத்தில் ஏறியே ஆகவேண்டும். மணற்றுறை அடங்கிய துறைநாட்டின் அதிபராக அப்போதிருந்த ஏறன் கண்டனார் எம்மைத் தோரணங்களோடு எதிர்கொண்டு, வழிநடைப் புழுதியைக் கழுவவும் விடாமல், நேராக மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். காட்டுவதற்கு அவ்வளவு ஆவல் அவருக்கு.

சுவரின் அகலத்துக்கு ஒரு வெண்துகில் தொங்கியது. அதில் நான்கு வரிசைகளில் வட்டங்கள். அடிவரிசையில் ஊழியர் கற்கவேண்டியவை. அதற்குமேல் அவர்கள் செம்மையாகச் செய்யவேண்டிய வேலைகள். அதற்கும் மேல் மக்கள் பெறவேண்டிய நலன்கள். உச்சியில் நாட்டின் செழிப்பு. வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி இழுத்திருந்தது. தச்சர் தொழிலை நன்கு கற்றால் ஓடங்கள் உறுதிப்படும். ஓடங்கள் உறுதிப்பட்டால் துறையில் காத்திருப்பு குறையும். காத்திருப்பு குறைந்தால் மக்கள் மனம் நிறையும். மக்கள் மனம் நிறைந்தால் சந்தையும் நாடும் செழிக்கும் என்று கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் அளவை உண்டு. அளவையை எட்டினால் பச்சை வில்லை, தளர்ந்தால் மஞ்சள் வில்லை, விழுந்தால் சிவப்பு வில்லை. மாதந்தோறும் நாகன் ஏணியில் ஏறி, வண்ணம் தீட்டிய அந்த மரவில்லைகளை மாற்றி மாட்டுவார். உள்ளதைச் சொல்வதானால், அம்மான், நல்ல யோசனையென்றே எமக்கும் பட்டது. எந்த வேலை எந்த நலனுக்காகச் செய்யப்படுகிறதென்று ஊழியரெல்லாம் அறிந்திருப்பது எந்த ஆட்சிக்கும் அழகுதானே.

அன்று எல்லா வட்டங்களிலும் பச்சையே தொங்கியது. கண்டனார் நீண்ட பிரம்பொன்றைக் கையிலேந்தி வட்டம் வட்டமாகத் தொட்டுக்காட்டி, எம் குடைக்கீழுள்ள நாடுகளில் சிவப்பு இல்லாத நாடு தம்முடையது மட்டுமே என்று பெருமிதத்தோடு விண்ணப்பித்தார். துறையின் காத்திருப்பு நெடுநாளாக மஞ்சளிலேயே நின்றதென்றும், இந்த மாதம் துறை அதிகாரியின் முயற்சியால் பச்சைக்கு ஏறிவிட்டதென்றும் கூறி, அந்த அதிகாரிக்கு எம் திருக்கையாலேயே பட்டாடை வழங்கி ஊக்குவிக்கவேண்டுமென்று வேண்டினார். வழங்கினோம். அதிகாரி கண்ணீர் மல்க வணங்கிப் பெற்றுக்கொண்டார்.

பிறகு அக்கரைச் சந்தையைப் பார்க்க விரும்பினோம். கண்டனார் அரச மரக்கலத்தை அணிசெய்து நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். மக்கள் போகும் ஓடத்திலேயே போகிறோம் என்றோம். அவர் முகம் சற்று வெளிறியது, வெயிலென்று நினைத்தோம். துறையில் ஓடங்கள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. ஏறுவதற்கென்று ஒருவரும் காத்திருக்கவில்லை. படம் சொன்னது மெய்தான் போலும் என்று எண்ணியபடியே படியிறங்கினோம். அப்போதுதான் சற்றுத் தள்ளி, மணலில், கூடைகளையும் பானைகளையும் இறக்கி வைத்துவிட்டு ஒரு கூட்டம் எம்மையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டோம். அவர்களில் ஒருவரும் துறையை நெருங்கவில்லை. யாம் ஓடத்தில் கால்வைக்கப் போனபோது, தயிர்ப்பானையோடு நின்ற ஒரு பெண் கூட்டத்தை விட்டு ஓடிவந்தாள்.

"அதுல ஏறாதீங்க தாயே! வேணாம், ஏறாதீங்க!" என்று கத்தினாள்.

காவலன் ஒருவன் அவளைப் பிடித்துத் தள்ளினான். யாம் அவனை விலக்கி, அவளை அருகே அழைத்துப் பெயர் கேட்டோம். காரிநங்கை என்றாள். தயிர் விற்பவள். அவள் சொன்னவற்றை அவள் வாய்மொழியாகவே இங்கு எழுதுகிறோம். எம் நடையில் மாற்றி எழுதினால் அதன் சூடு ஆறிவிடும்.

"போன அமாவாசைக்கு மறுநாளு ஒரு ஓடம் முழுகிருச்சு தாயே. நடு ஆத்துல அடிப்பலகை அப்படியே விட்டுக்கிச்சாம். நீச்சத் தெரிஞ்சவங்க தப்பிச்சாங்க. எந்தங்கச்சி உமையாளுக்கு நீச்சத் தெரியாது. இன்னி வரைக்கும் அவ உடம்பு கூடக் கெடைக்கலை."

ஓடங்கள் இத்தனை கிடக்க, இந்த மக்கள் எவ்வாறு கடக்கிறார்கள் என்று கேட்டோம்.

"அதுக்கப்புறம் எவ ஏறுவா? மேல மணல்திட்டு வரைக்கும் நடந்துபோயி, இடுப்பளவு தண்ணியில எறங்கிக் கடக்குறோம். போக அரை நாளு, வர அரை நாளு. தயிரு புளிச்சுப்போவுது."

மண்டபத்தில் முறையிடவில்லையா என்றோம்.

"போகாம இருப்பனா? வாசல்லயே மறிச்சுட்டாங்க. 'ஓடம் எதுவும் முழுகலை, போ'ன்னாங்க. முழுகலைன்னா எந்தங்கச்சி எங்கேன்னு கேட்டேன். 'புருசனை விட்டுட்டு எவங்கூடயாவது போயிருப்பா'ன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க தாயே. அவ புருசன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்கான்."

அம்மான், போர்க்களத்தில் இறந்தோரைக் கண்டிருக்கிறோம். கொள்ளைநோய் கண்ட ஊர்களில் நடந்திருக்கிறோம். அங்கெல்லாம் எமக்குத் துயரம் வந்தது, சினம் வந்தது. அன்று துறையில் வந்தது வேறு. அழுகிய ஒன்றைத் தெரியாமல் தொட்டுவிட்டால் கையை உதறத் தோன்றுமே, அதுதான் வந்தது. சற்றுமுன் அதே கையால்தான் அந்தப் பட்டாடையைக் கொடுத்திருந்தோம். ஒருவரும் ஏறாத துறையில் காத்திருப்பு எங்கிருந்து வரும்! உயிருக்கு அஞ்சி மக்கள் விலகிப் போனதையே வெற்றியென்று கணித்து, வில்லை மாற்றி, பரிசும் வாங்கிக்கொண்டார்கள்.

காரிநங்கையையும் அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினோம். கண்டனார் மறுப்பாரென்று எதிர்பார்த்தோம். மறுக்கவில்லை. அதுவே எம்மை மேலும் அருவருக்கச் செய்தது. ஓடம் முழுகியது மெய்யென்றும், மறுநாளே தாம் அவையைக் கூட்டியதாகவும், அந்த நிகழ்ச்சி எந்த வட்டத்தைச் சேர்ந்ததென்று நெடுநேரம் ஆராய்ந்ததாகவும் அமைதியாக விளக்கினார். ஓடங்களின் உறுதி என்னும் வட்டத்தின் அளவை, சோதனை முத்திரை குத்தப்பட்ட ஓடங்களின் எண்ணிக்கையாம். முழுகிய ஓடத்திலும் முத்திரை இருந்ததால் அந்த வட்டம் பச்சையாம். கரையிலிருந்தபடியே முத்திரை குத்தினார்கள், அடிப்பலகையை ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை என்பதைத் தச்சர்கள் பிறகு எம்மிடம் ஒப்புக்கொண்டனர். மக்களின் மனநிறைவு என்னும் வட்டத்தின் அளவையோ, மண்டபத்தில் பதிவாகும் முறையீடுகளின் எண்ணிக்கையாம். குறையக் குறையப் பச்சை. வாயிலோர் ஏன் மறித்தார்கள் என்பது அப்போது விளங்கியது.

இறந்தவர்களை எந்த வட்டத்தில் சேர்த்தீர் என்று கேட்டோம். அதற்குக் கண்டனார், முறையீடு செய்தோரை மட்டுமே எண்ணுவது வகுத்த விதியென்றும், இறந்தோர் முறையிட வழியில்லையாதலால் அவர்கள் எந்த வட்டத்திலும் வரவில்லையென்றும் விடையிறுத்தார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் நடுக்கமில்லை. சரியான விடை சொன்ன மாணாக்கனைப்போல எம் முகத்தைப் பார்த்தார். வாயிலிருந்த தாம்பூலத்தை அவையிலேயே உமிழ்ந்தோம்.

தாயன் நாகனை அழைத்தோம். தாங்கள் கேட்கும் அதே நாகன். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த, நன்கு கற்ற மனிதர். அவர் எம் முன் நிமிர்ந்து நிற்கவில்லை. கேட்ட உடனே சொல்லிவிட்டார்.

"நான் சிவப்பு வில்லையை எடுத்துக்கிட்டு ஏணி ஏறிட்டேன் தாயே. பாதியில இருக்கறப்ப அதிபர் கீழேயிருந்து கூப்பிட்டாரு. 'மகாராணி வர்ற நேரம் நாகா, யோசிச்சுப் பண்ணு'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. வேற எதுவும் சொல்லலை."

"நீர் என்ன செய்தீர்?"

"இறங்கிட்டேன்."

"அச்சமா?"

சுவரில் தொங்கிய துகிலின் பக்கம் திரும்பினார். பிறகு, "அச்சம்னு சொல்லிக்கலாம் தாயே. ஆனா அது இல்லை. அன்னிக்கு எல்லாம் பச்சையா இருந்துச்சு. ஒரு வருசம் பாடுபட்டு வரைஞ்ச படம். பாக்கவே அழகா இருந்துச்சு. அதுல போயி ஒரு செவப்பு..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

அருகிலிருந்த காரிநங்கை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எந்தங்கச்சி உன் படத்துக்கு அசிங்கமாயிட்டாளா?" என்று கேட்டாள். நாகனுக்காக விடை தேட யாம் முனையவில்லை.

ஓடத்தில் மாண்டோரின் குடும்பங்களுக்கு விளைநிலம் வழங்க எண்ணி, முதலில் காரிநங்கையிடமே சொன்னோம். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்; ஆனால் தலையை அசைத்தாள்.

"நெலத்தை அவ புருசனுக்குக் குடுங்க தாயே, அவனுக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. எனக்கு அது வேணாம். உடம்பு கெடைக்கலைன்னதும், அவ அந்த ஓடத்துல ஏறவேயில்லை, ஓடிப்போயிட்டான்னு ஊரெல்லாம் பேசுது. அவ செத்துட்டா, ஓடம் முழுகித்தான் செத்தான்னு இவங்க வாயால சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

ஆகவே கண்டனாருக்கு இவ்வாறு ஆணையிட்டோம்: மாண்டோர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் தாமே நடந்து சென்று, அவர் பெயரைக் கேட்டறிந்து வந்து, மறுநாள் துறையில் ஊரார் அனைவரின் முன்பும் சொல்லவேண்டும். ஏவலரை அனுப்பக்கூடாது, ஓலையில் எழுதி வைத்துக்கொள்ளவும் கூடாது. அவர் எம் காலில் விழுந்தார். தம் பதவியைப் பறித்துக்கொள்ளலாம், சிறையிலும் இடலாம், ஆனால் அந்தத் தெருக்களில் தம்மை அலையவிடலாகாது என்று மன்றாடினார். அப்போதுதான் அவர் கண்ணில் முதன்முதலாக நீர் கண்டோம். தமக்காக வடித்த நீர்.

போனார். எம் காவலர் இருவர் உடன் சென்றனர். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவேயில்லையாம். வெளியிலேயே வெகுநேரம் நின்றாராம். ஒரு வீட்டில் குடிக்க நீர் கொடுத்தார்களாம். அந்த வீட்டுப் படியில்தான் அவர் உட்கார்ந்து அழுதாரென்று காவலர் சொன்னார்கள். அந்த அழுகை எவருக்காக என்று எமக்குத் தெரியாது.

மறுநாள் காலை துறை நிரம்பியிருந்தது. யாம் படியின் மேல் நின்றோம். கண்டனார் தலைப்பாகையின்றி நீரோரத்தில் நின்று, ஓடம் பழுதுபட்டிருந்ததென்றும், அது முழுகியதென்றும், அதை மறைத்தோமென்றும் சொன்னார். பிறகு பெயர்களைச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் எங்கோ ஓர் அழுகுரல் எழுந்தது. நடுவில் ஓரிடத்தில் "உமை" என்றார்.

"உமையாள்," என்றாள் காரிநங்கை, முன்வரிசையிலிருந்து. "முழுசாச் சொல்லுங்க."

"உமையாள்," என்றார்.

உமையாளின் கணவன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அவனருகில் நின்றவர்கள், அதுவரை அவனோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள், மெல்ல நெருங்கி அவனைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டோம்.

கண்டனார் இப்போது எந்த நாட்டுக்கும் அதிபரல்லர். தச்சர் செப்பனிட்டு நீரில் இறக்கும் ஓடம் எதுவாயினும், முதலில் அவரை ஏற்றிக்கொண்டு நடு ஆறு வரை போய்த் திரும்பவேண்டுமென்று விதித்திருக்கிறோம். அதன் பிறகே மக்கள் ஏறுவர். அவருக்கும் நீச்சல் தெரியாதென்று கேள்வி. தச்சர்கள் முன்போல் அல்லாமல் இப்போது அடிப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களாம். துறை அதிகாரியிடமிருந்து பட்டாடையைத் திரும்பப் பெற்றோம். அதைக் கருவூலத்தில் சேர்க்கவும் மனமில்லாமல் ஆற்றங்கரையிலேயே எரிக்கச் சொன்னோம். நாகனை மண்டபத்தின் வாயிலில் அமர்த்தியிருக்கிறோம். முறையிட வருவோர் சொல்வதை அவர் கேட்கவேண்டும்; அழுவோர் அழுது முடிக்கும்வரை எழுந்து போகக்கூடாது. அந்த வேலையை அவர் எவ்வளவு காலம் தாங்குவாரென்று பார்ப்போம். தாங்கினால் அவரை மீண்டும் ஏணியில் ஏற்றுவதைப் பற்றி நினைக்கலாம். இன்று அவர் கையால் ஒரு வட்டம் வரைந்தாலும் அதை எம்மால் பார்க்க இயலாது.

படம் பொய் சொல்லவில்லை, மனிதர்களே சொன்னார்கள் என்று தாங்கள் எழுதக்கூடும். அது சரியே. ஆனால் அந்தப் படம் இல்லாதிருந்தால் கண்டனார் வெறும் பொய்யர். படம் இருந்ததால் பொய் சொல்வதாகவே அவருக்குத் தோன்றவில்லை. அந்த வேறுபாட்டை எண்ணியே எமக்கு இன்னும் உறக்கம் பிடிக்கவில்லை.

இனி, தங்களைக் குறித்த செய்தி. தங்கள் ஓலையோடு, நாகன் வருமுன்னரே தங்கள் எழுத்தர்கள் ஒரு சிறு துணியில் வரைந்து பார்த்த மாதிரிப்படமும் வந்தது. அதையும் விரித்துப் பார்த்தோம். எந்த வட்டத்துக்கும் இன்னும் அளவை வகுக்கப்படவில்லை. அம்புக்குறிகள் பாதிதான் இழுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வண்ணம் மட்டும் தீட்டியாகிவிட்டது. பெருங்கணவாயின் கொடிப்பாலம் என்று எழுதிய வட்டத்தில் பச்சை தீட்டியிருக்கிறார்கள். யார் தீட்டியது, அம்மான்? தீட்டியவர் அந்தப் பாலத்தில் நடந்து பார்த்தாரா? தாங்கள் நடந்து எத்தனை காலமாயிற்று? தங்கள் மீது எமக்குள்ள அன்பு குறையவில்லை. தங்களைக் கண்டனாரோடு ஒன்றாக எண்ணவுமில்லை. ஆயினும் அந்தப் பச்சையைக் கண்டதும் மணற்றுறையின் மணலில் நின்ற கூட்டமே எம் கண்முன் வந்தது என்பதை மறைக்க மாட்டோம்.

ஆகவே ஆணையிடுகிறோம். இந்த ஓலை கண்ட பொழுதே பெருங்கணவாயின் கொடிப்பாலத்தில் மக்கள் போக்குவரத்தை நிறுத்துக. பாலத்தைத் தாங்கும் காட்டுக்கொடிகளையும் கட்டுகளையும் அவிழ்த்துப் பார்த்து, இற்றவற்றை மாற்றுக. மாற்றிய பின் எவருக்கும் முன்னதாகத் தாங்களே அதில் நடந்து அக்கரை செல்க. தங்கள் எழுத்தர்கள் தங்களைப் பின்தொடர்க. அக்கரையில் வாழ்வோர் சொல்லும் குறைகளை அவர்கள் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல், எமக்கு எழுதி அனுப்புக. குறை எழுதியதற்காக எவரையும் தண்டிக்கலாகாது. குறையே இல்லையென்று எழுதி வரும் ஓலையை யாம் ஏற்காமலே திருப்பி அனுப்புவோம். இவை நிறைவேறும்வரை குன்றவெளியில் எந்தப் படமும் வரையப்படலாகாது.

இந்த ஓலையைத் தாங்கி வரும் தூதுவருக்குத் தங்கள் மாளிகையில் இடமளித்து உணவளிக்க. அவர் பாலத்தின் இக்கரையில் நின்று, தாங்கள் அக்கரையில் கால் வைப்பதைத் தம் கண்ணால் கண்ட பின்னரே திரும்புவார்.

மலையும் ஆறும் தங்களைக் காக்க. இரட்டை நாரை முத்திரையிட்டு, எம் கையொப்பம் இட்டு, உலகுடைய நாச்சியார் விடுத்த ஓலை. ஆணை நிற்க.